அமெரிக்காவில் பிளாட்பெட் லாரி ஓட்டப் புதிதாகச் சேர்ந்தால் முதல் வருடம் எவ்வளவு கிடைக்கும்?

பிளாட்பெட் என்பது கூரையும் பக்கச் சுவரும் இல்லாத தட்டையான டிரெய்லர். இரும்புச் சுருள், மரப்பலகை, இயந்திரம் எல்லாம் இதில்தான் போகும். கம்பெனி லாரி ஓட்டும் புதியவர், வரிக்கு முன், சுமார் 50,000 முதல் 65,000 டாலர் வரை எதிர்பார்க்கலாம்.

பெரும்பாலும் கூலி மைல் கணக்கில்தான். மைலுக்கு 50 சென்ட், வாரம் 2,200 மைல் என்றால் 1,100 டாலர். 48 வாரத்துக்கு 52,800. தார்ப்பாய் கட்டப் பல இடங்களில் தனியாகக் கொஞ்சம் உண்டு.

திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பது போலத்தான் இது: துணி வராமல் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. பழகாத கை, சங்கிலி போட்டு இறுக்கி, கனமான தார்ப்பாயைச் சரக்கின் மேல் விரித்துக் கட்ட இரண்டு மணி நேரம்கூட ஆகும். சட்டப்படி வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். அதனால் கட்டுவதில் போன நேரம் மைலைத் தின்றுவிடும். பயிற்சி வாரங்களில் வருமானம் இன்னும் குறைவு. கையில் கொஞ்சம் சேமிப்போடு இறங்குங்கள்.

அப்புறம், வருடம் 2 லட்சம் டாலர் என்று கேள்விப்படுவது சம்பளம் அல்ல. அது சொந்த லாரிக்காரரின் மொத்த வசூல், டீசல், தவணை, இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் கழிக்கும் முன்.