மில்காரர்களுக்கு ஒரு மில் ஊர்

கேள்வி: மகன் கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறான். ஜூனில் நானும் வீட்டுக்காரரும் போகிறோம். கோட்டைகளை அவனே காட்டிவிடுவான். நாங்கள் இருவரும் மில்லில் உழைத்தவர்கள். ஒரே நாளில் போய்வர ஸ்காட்லாந்தில் சின்ன ஊர் ஒன்று சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, சிங்காநல்லூர்

பதில்: யோசிக்கவே வேண்டாம் அக்கா, நியூ லனார்க் போய் வாருங்கள். டேவிட் டேல் என்பவர் கிளைடு ஆற்றங்கரையில் கட்டி, 1786இல் நூற்கத் தொடங்கிய பஞ்சாலை ஊர். 1968 வரை ஓடியது. இப்போது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். மில்லை ஒட்டியே தொழிலாளர் குடியிருப்பு. ரிங் பிரேம் என்னும் நூற்பு மெஷினில் இருபது வருஷம் நின்றவன் நான். அங்கே நுழைந்ததும் நம்ம ஊர் லைன் வீட்டு வாசல்தான் ஞாபகம் வந்தது.

முதலில் மியூல் என்னும் பழைய நூற்பு மெஷினைப் பாருங்கள். இன்று அதில் கம்பளி நூல் ஓடுகிறது. நூல் சுற்றும் கதிர்கள் பூட்டிய நீள வண்டி வெளியே வரும்போது இழையை இழுத்து முறுக்கேற்றும், திரும்பிப் போகும்போது சுற்றிக்கொள்ளும். அந்தக் காலத்தில் ஓடுகிற வண்டிக்கு அடியில் புகுந்து பஞ்சைக் கூட்டுவது சின்னப் பிள்ளைகளின் வேலை. டேலின் மருமகன் ராபர்ட் ஓவன் 1800இல் பொறுப்புக்கு வந்த பிறகு, பத்து வயதுக்குக் கீழே ஆள் எடுப்பதை நிறுத்தினார். 1816இல் பள்ளியும் திறந்தார். அந்த வகுப்பறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் ஒரு மரக்கட்டை. நாலு பக்கம், நாலு நிறம். ஓவன் காலத்தில் ஒவ்வொரு தொழிலாளி பக்கத்திலும் தொங்குமாம். நேற்றைய வேலை மோசம் என்றால் கறுப்பு முன்னால் திரும்பும், சுமார் என்றால் நீலம், நன்று என்றால் மஞ்சள், மிக நன்று என்றால் வெள்ளை. அடி, வசவு இல்லாமல் வேலை வாங்கினார் என்று ஓவனைப் புகழ்வார்கள். எனக்கு மனசு கனத்துவிட்டது. எல்லோரும் பார்க்கக் கறுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஷிப்ட் முழுக்க நிற்பது அடியைவிட லேசா?

ஆற்றோரமாக நடந்தால் கோரா லின் அருவி. கிளைடு தண்ணீர்தான் மில் சக்கரங்களைச் சுற்றியது. 1927 முதல் அருவித் தண்ணீரில் மின்சாரமும் எடுக்கிறார்கள். பைகாரா கரண்ட் வந்து கோவையில் மில்கள் பெருகிய கதையை வீட்டுக்காரர் மகனுக்கு அங்கே வைத்துச் சொல்லட்டும். மழைக்கு மறுநாள் போனால் அருவி நிறைந்திருக்கும்.

கிளாஸ்கோ சென்ட்ரலில் இருந்து லனார்க்குக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து இறக்கம், நடந்தே போகலாம். திரும்பும்போது மேடு, முழங்கால் வலி இருந்தால் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். ஜூன்தானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.