குக்கர் மூடியும் அப்போலோ கதவும்

சென்ற இதழில் நிலவுப் பயணம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில், "நிலவுக்குப் போவதற்கு முன்னால் தரையிலேயே மூன்று பேர் கருகிப் போனார்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை இத்தனை கடிதம். சினிமா, அரசியல், மாமியார் மருமகள் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

கே: ராக்கெட் கிளம்பவே இல்லை, தரையில்தான் நின்றது என்கிறீர்கள். அப்புறம் எப்படி மூன்று பேர் இறந்தார்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியை, பெரம்பூர்)

ப: கிளம்பவில்லை என்பது மட்டுமில்லை அம்மா, அன்றைக்கு அந்த ராக்கெட்டில் ஒரு சொட்டு எரிபொருள்கூட இல்லை. ஃபுளோரிடாவில் கேப் கென்னடி, 34ஆம் ஏவுதளம். நிலவுக்கு ஆள் அனுப்பும் நாசா திட்டத்தின் அப்போலோ 1 கலத்தை வெளி மின்சாரத்திலிருந்து பிரித்துவிட்டு, அது தன் சொந்த மின்சாரத்தில் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கும் ஒத்திகை. எரிபொருள் இல்லை என்பதாலேயே இதை ஆபத்தான சோதனைகளின் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. மதியம் ஒரு மணிக்கு கஸ் கிரிஸம், எட் ஒயிட், ரோஜர் சாஃபி மூவரும் உள்ளே போய்ப் படுத்தார்கள். ரேடியோ கரகரவென்று இழுத்தடித்தது. இரண்டு மூன்று கட்டடங்களுக்கு நடுவிலேயே பேச முடியவில்லையே, நாம் எப்படி நிலவுக்குப் போகப் போகிறோம் என்று கிரிஸம் எரிச்சல்பட்டார். மாலை 6.31க்கு உள்ளேயிருந்து தீ என்று ஒரு குரல். அதிலிருந்து கடைசிச் சத்தம் வரை 20 நொடிகூட இல்லை.

உள்ளே இருந்தது நாம் சுவாசிக்கிற காற்று இல்லை, சுத்த ஆக்ஸிஜன். அதுவும் வெளிக் காற்றை விடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தில். விண்வெளிக்குப் போன பிறகு இந்த ஆக்ஸிஜனின் அழுத்தத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடுவார்கள், அப்போது அது அவ்வளவு முரடு இல்லை. தரையில் முழு அழுத்தத்தில் வைத்தால் கதை வேறு. சாதாரணக் காற்றில் மெதுவாகக் கருகுகிற பொருள்கூட அதில் குப்பென்று பிடித்துக்கொள்ளும். கலத்துக்குள் சாமான் மிதக்காமல் இருக்க வெல்க்ரோ, நைலான் வலை என்று கண்ட இடத்திலெல்லாம் ஒட்டி வைத்திருந்தார்கள். எங்கோ ஒரு ஒயரில் பொறி. எந்த ஒயர் என்று விசாரணைக் குழுவால் கடைசி வரை அடித்துச் சொல்ல முடியவில்லை.

இப்போது கதவுக்கு வருவோம். உங்கள் வீட்டில் ஹாக்கின்ஸ் குக்கர் இருந்தால் சட்டென்று புரியும். அதன் மூடியைச் சாய்த்து உள்ளே விட்டு, உள்பக்கமிருந்து விளிம்பில் பொருத்துவோம் இல்லையா? உள்ளே ஆவி இருக்கும் வரை நீங்கள் என்ன முக்கினாலும் திறக்காது. ஆவியே மூடியை விளிம்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். சமையலறையில் அது நம்மைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. அப்போலோவின் உள்கதவும் ஏறக்குறைய அதே வகைதான், உள்பக்கமாகத்தான் எடுக்க வேண்டும். விண்வெளியில் தானாகத் திறந்துகொள்ளக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். நிதானமாகச் செய்தாலே திறக்க 90 நொடி. தீயில் உள்ளே அழுத்தம் எகிறியதும் எட் ஒயிட் மாதிரி பலசாலியாலும் அதை அசைக்க முடியவில்லை. வெளியிலிருந்து ஆட்கள் புகையோடு போராடித் திறப்பதற்கு ஐந்து நிமிடம் ஆனது.

இதில் வயிற்றைப் பிசைகிற ஒரு விஷயம் உண்டு. இதே கிரிஸம் 1961 ஜூலையில் தனியாக விண்வெளிக்குப் போய்க் கடலில் இறங்கியபோது, வெடித்துத் திறக்கும் கதவு நேரத்துக்கு முன்பே திறந்துகொண்டு, தண்ணீர் புகுந்து கலம் மூழ்கியது. மனுஷர் நீந்தித் தப்பித்தார். அப்போலோவில் அந்த மாதிரிக் கதவு வேண்டாம் என்று வைத்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு.

அப்புறம் ஒரு திருத்தம். "கருகிப் போனார்கள்" என்று நான் எழுதியது சரியில்லை. தீக்காயம் இருந்தது, ஆனால் உயிரை எடுத்தது புகையில் இருந்த கார்பன் மோனாக்ஸைடு.

கே: நான் பதினெட்டு வருஷமாக கேஸ் கட்டிங் வேலை செய்கிறேன். ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கம் எண்ணெய்க் கையோடு போகாதே என்று முதல் நாளே அடிக்காத குறையாகச் சொல்லித் தந்தார்கள். எங்கள் பட்டறைக்குத் தெரிந்தது நாசாவுக்குத் தெரியாதா? (வாசகர், அம்பத்தூர் எஸ்டேட்)

ப: இந்த வாரம் வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். தெரியும் சார். தெரிந்தும்தான் செய்தார்கள். அப்போலோவுக்கு முந்தைய நாசா திட்டங்களான மெர்குரியில் 6 பயணம், ஜெமினியில் 10 பயணம், ஆக மொத்தம் 16 முறை மனிதர்கள் சுத்த ஆக்ஸிஜனில் போய் நல்லபடியாகத் திரும்பியிருந்தார்கள். ஆக்ஸிஜன் மட்டும் என்றால் கருவி எளிது, எடை குறைவு, நைட்ரஜனைக் கலந்து அளவு பார்க்கிற தலைவலி இல்லை. 16 முறை ஒன்றும் ஆகவில்லை என்றால் 17ஆவது முறை யார் கேள்வி கேட்பார்கள்? உங்கள் பட்டறையிலும் கண்ணாடி போடாமல் வெல்டிங் பிடிக்கிற பழைய ஆள் ஒருவராவது இருப்பாரே, "இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகல தம்பி" என்று சொல்லிக்கொண்டு! அதே வியாதிதான், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்தது.

கொடுமை என்னவென்றால், அப்போலோ தீ நடந்து நான்காவது நாள், ஜனவரி 31, டெக்ஸாஸில் புரூக்ஸ் விமானப்படைத் தளத்தில் ஒரு சோதனை அறையில், அங்கேயும் சுத்த ஆக்ஸிஜன், தீப்பிடித்து இரண்டு படைவீரர்கள் இறந்தார்கள்.

இன்னொன்று ரஷ்யாவில், ஆறு வருஷம் முன்பே நடந்தது. வாலன்டின் பொண்டரென்கோ, வயது 24, விண்வெளிக்குப் போன முதல் மனிதரான ககாரினோடு பயிற்சி பெற்ற வீரர். தனிமையைத் தாங்குகிறாரா என்று பார்க்க ஓர் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள், ஆக்ஸிஜன் கூடுதல், அழுத்தம் குறைவு. உடம்பில் ஒட்டியிருந்த கருவிகளை எடுத்துவிட்டு, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அதைத் தூக்கிப் போட்டார். பஞ்சு மின் அடுப்பின் மேல் விழுந்தது. உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் வேறு வேறு என்பதால் கதவை உடனே திறக்க முடியவில்லை. மருத்துவமனையில் சில மணி நேரத்தில் உயிர் போய்விட்டது. நாள் 1961 மார்ச் 23. ககாரின் பறந்தது ஏப்ரல் 12. அந்த மூன்று வார இடைவெளியில் வெளியே ஒரு வார்த்தை கசியவில்லை, சோவியத் பத்திரிகையில் இது வந்தது 1986இல். முன்பே வெளியே சொல்லியிருந்தால் அப்போலோ தப்பித்திருக்குமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தெரியாததால் வந்த தீ இல்லையே அது.

பிறகு என்ன மாற்றினார்கள் என்றால், வெளிப்பக்கமாக, பத்து நொடிக்குள் திறக்கும் கதவு வந்தது. தரையில் நிற்கும்போது 60 சதவீதம் ஆக்ஸிஜன், 40 சதவீதம் நைட்ரஜன். உடையில் நைலானுக்குப் பதில் கண்ணாடி இழைத் துணி. அடுத்து ஆள் ஏறிப் போனது 1968 அக்டோபரில், அப்போலோ 7.

கே: ககாரினுக்கு முன்னால் ரஷ்யர்கள் பலரை அனுப்பிக் கொன்றார்களாமே? கொமரோவ் விழும்போது அரசைத் திட்டி அழுத ஆடியோவும் வாட்ஸ்அப்பில் வந்ததே? (கல்லூரி மாணவர், குரோம்பேட்டை)

ப: முதல் விஷயம் புரளி. சோவியத் ஆவணங்கள் திறந்த பிறகும் அப்படி ஒருவர்கூட அகப்படவில்லை. ஆனால் பொண்டரென்கோவை மறைத்த, வேண்டாத வீரரைக் குழுப் படத்திலிருந்து அழித்த ஊரில் புரளி முளைக்காமல் என்ன செய்யும்? இரண்டாவது, அந்த ஆடியோவை ஃபார்வர்ட் செய்யாதீர்கள் தம்பி. கொமரோவ் கடைசி வரை நிதானமாகத்தான் பேசினார்.

நடந்ததே போதுமான அளவு கொடுமை. 1967 ஏப்ரல் 23இல் ரஷ்ய வீரர் கொமரோவ் தனியாக ஏறிய சோயுஸ் 1 கலம் கிளம்பியது. அதற்கு முன் ஆளில்லாமல் அனுப்பிய சோயுஸ் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு கோளாறு. ஒன்று ஏரல் கடலின் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு உள்ளேயே போய்விட்டது. சோயுஸ் 1 மேலே போனதும் அதன் இடது பக்கச் சூரியப் பலகை விரியவில்லை, மின்சாரம் பாதி. அப்படியும் கொமரோவ் கலத்தைத் தன் கையால் திருப்பிச் சரியாகக் கீழே கொண்டுவந்தார். மறுநாள், தரைக்குக் கிட்டத்தில், பெரிய பாராசூட் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. மாற்றுப் பாராசூட் ஏற்கெனவே வெளியே இருந்த சின்னதோடு சிக்கிக்கொண்டது. கலம் தரையில் மோதி கொமரோவ் இறந்தார். இவர் கிளம்பிய அடுத்த நாளே மூன்று பேரோடு சோயுஸ் 2 கிளம்புவதாக இருந்தது. இவர் கலத்தில் கோளாறு வந்ததால் அதை நிறுத்தினார்கள், இல்லாவிட்டால் அந்தப் பாராசூட்டும் திறந்திருக்காது.

கே: விண்வெளியிலேயே உயிர் போனவர்கள் யாராவது உண்டா? (குடும்பத்தலைவி, மடிப்பாக்கம்)

ப: மூன்று பேர்தான், இன்று வரை. சோயுஸ் 11, 1971 ஜூன் 30. டொப்ரொவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயெவ். சல்யூட் 1 விண்வெளி நிலையத்தில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். கலம் பாகம் பாகமாகப் பிரியும்போது ஏற்பட்ட அதிர்ச்சியில் ஒரு வால்வு திறந்துகொண்டது. தரைக்குப் பக்கத்தில் வந்த பிறகு வெளிக்காற்று உள்ளே வருவதற்காக வைத்த வால்வு அது, 168 கிலோமீட்டர் உயரத்தில் திறந்தது. இரண்டே நிமிடத்துக்குள் உள்ளே காற்று இல்லை. கையால் மூட வழி இருந்தது, மூட ஆரம்பித்தும் இருந்தார்கள், அதற்குள் நினைவு போய்விட்டது. கலம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் அழகாகத் தரையிறங்கியது. மீட்க ஓடியவர்கள் கதவைத் திறந்தபோது உடம்பில் சூடு இருந்தது.

விண்வெளி உடை போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள். ஏன் போடவில்லை? இடம் இல்லை. இரண்டு பேர் உடையோடு உட்காரக்கூடிய இடத்தில் மூன்று பேரை உடையில்லாமல் உட்கார வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டுக்கு ஆட்டோவில் போகிற மாதிரி. பிறகு சோயுஸில் இரண்டே பேர், இருவருக்கும் சொகோல் என்ற உடை. மூன்றாவது ஆளுக்கு உடையோடு இடம் கிடைக்க 1980 ஆனது.

கே: நம் ஆள் ராகேஷ் சர்மா போனபோதும் இந்த ஆபத்தெல்லாம் இருந்ததா? ககன்யானில் தப்பிக்க வழி வைத்திருக்கிறார்களா? (வாசகர், பொன்னேரி)

ப: 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா அந்த சொகோல் உடையைப் போட்டுக்கொண்டுதான் போனார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஷ்ய வீரர் ஸ்ட்ரெகலோவைப் பற்றி நம் பத்திரிகைகள் அவ்வளவாக எழுதியதில்லை. ஆறு மாதம் முன்பு, 1983 செப்டம்பரில், ஸ்ட்ரெகலோவும் திதோவ் என்ற இன்னொரு வீரரும் ஏறியிருந்த ராக்கெட் ஏவுதளத்திலேயே தீப்பிடித்தது. தீயில் கம்பிகள் எரிந்துபோனதால் உள்ளேயிருந்து ஒன்றும் செய்ய முடியாது, வெளியே இருந்தவர்கள்தான் ரேடியோவில் கட்டளை கொடுத்தார்கள். உச்சியில் இருந்த தப்பிக்கும் ராக்கெட் கலத்தைப் பிய்த்துக்கொண்டு மேலே போன சில நொடியில் கீழே எல்லாம் வெடித்தது. நாலு கிலோமீட்டர் தள்ளி உயிரோடு இறங்கினார்கள். அதற்கப்புறம் அதே மனிதர் சர்மாவோடு இன்னொரு ராக்கெட்டில் ஏறி உட்கார்ந்தார் பாருங்கள்!

நம் ஆட்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யானிலும் உச்சியில் அந்தத் தப்பிக்கும் ஏற்பாடு உண்டு. 2023 அக்டோபர் 21 காலை உங்களுக்குப் பக்கத்தில், ஸ்ரீஹரிகோட்டாவில் அதைத்தான் சோதித்தார்கள். எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடியில் நாலைந்து பேர் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றோம். மேகம்தான் தெரிந்தது, மிச்சமெல்லாம் போனில். கிளம்ப 5 நொடி இருக்கும்போது கணினி நிறுத்திவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் "அவ்வளவுதான், ஊத்திக்கிச்சு" என்று காப்பி குடிக்கக் கீழே போய்விட்டார். சரிபார்த்து 10 மணிக்கு மறுபடி அனுப்பினார்கள், நடுவானில் கலம் பிரிந்து, பாராசூட் விரிந்து, கடலில் இறங்கியது. அவர் பார்க்கவில்லை.

கே: சென்ற இதழில் அப்போலோ தீ விபத்து 1968 என்று போட்டிருந்தீர்கள். 1967 இல்லையா? (பிளஸ் டூ மாணவி, திருவொற்றியூர்)

ப: 1967 ஜனவரி 27தான் கண்ணு. என் பிழை, அச்சுப் பிழை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், ஆசிரியர் விடவில்லை.