கார்வை எங்கே கரைகிறது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மேடைக் கலைஞன் அல்ல. வேலை முடிந்து வந்து தினமும் ஒரு மணி நேரம் புல்லாங்குழல் வாசிப்பவன். இரண்டு வருடமாக வாரம் ஒரு நாள் இணையத்தில் நேரலையாக வாசிக்கிறேன். லேப்டாப்பில் உலாவியைத் திறந்து நேராக அதிலிருந்தே போய்விடுவேன். முப்பது நாற்பது பேர் கேட்கிறார்கள். எனக்கு அது போதும்.

பிரச்சினை ஒலிதான். ஒரு வாரம் அருமையாக இருக்கிறது. அடுத்த வாரம் அதே அறை, அதே மைக், ஆனால் தண்ணீருக்குள் உட்கார்ந்து வாசித்தது போலக் கேட்கிறது. ஒரு ஸ்வரத்தில் நின்று கார்வை கொடுத்தால், அதாவது அதை அசையாமல் நீட்டிப் பிடித்தால், இரண்டு விநாடியில் தேய்ந்து மறைகிறது. பின்னால் ஓடும் சுருதி வந்து வந்து போகிறது. ஒரே நேரலையை ஒருவர் தெளிவாக இருந்தது என்கிறார், இன்னொருவர் ஒன்றுமே கேட்கவில்லை என்கிறார். ஒரு முறை மைக்கை மாற்றிவிட்டேன். இன்னும் விலை கூடிய ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதிலும் சரிவரவில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

அந்த மைக்கை வாங்காதீர்கள். நிறுத்தவும் வேண்டாம். கார்வை தேய்கிறது, சுருதி வந்து வந்து போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே போதும். மைக் கெட்டால் ஒலி அப்படிக் கெடாது. இது இரைச்சல் நீக்கியின் வேலை. சுற்றுப்புறச் சத்தத்தை அகற்ற உலாவிக்குள்ளேயே ஓடும் வசதி அது.

உலாவியும் அழைப்புச் செயலிகளும் மைக்கைத் திறக்கும்போது, எதிரில் இருப்பவர் பேசப்போகிறார் என்றே எடுத்துக்கொள்கின்றன. பேச்சு விட்டு விட்டு வரும், நொடிக்கு நொடி மாறும். மாறாமல் ஒரே சீராக ஒலிப்பது மின்விசிறி போன்ற ஒன்று. ஆகவே சீராக நீளும் ஒலி எதைக் கண்டாலும் அது இரைச்சல் என்று முடிவுகட்டி இந்த நீக்கி அழிக்கிறது. உங்கள் சுருதியும் கார்வையும் அதற்கு மின்விசிறிதான். குழலின் மூச்சொலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வருடக்கணக்கில் பழகி அசையாமல் நிறுத்தக் கற்ற ஸ்வரம் எதுவோ, அதைத்தான் முதலில் வெட்டுகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

அப்புறம் ஏன் ஒரு வாரம் நன்றாக இருக்கிறது? அந்த நீக்கி, கேட்பதை வைத்து அவ்வப்போது புதிதாக முடிவெடுக்கிறது. அறையில் மின்விசிறி ஓடினால் ஒரு முடிவு, ஓடாவிட்டால் வேறு முடிவு. நீங்கள் மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தால் இன்னொன்று. உங்கள் கண்ணுக்கு எல்லாமே ஒன்றுதான். அதற்கு அப்படி இல்லை.

அதோடு இன்னும் இரண்டு உண்டு. எதிரொலி நீக்கி, ஸ்பீக்கரில் ஒலிப்பதை மைக்கிலிருந்து கழித்துவிடும். சுருதியை அதே லேப்டாப்பின் ஸ்பீக்கரில் ஓடவிடுகிறீர்கள் என்றால், அது இரண்டு முறை வெட்டுப்படுகிறது. தானியங்கி ஒலியளவு, நீங்கள் மென்மையாக வாசித்தால் ஏற்றும், ஓங்கி வாசித்தால் இறக்கும். இந்த மூன்றும் உலாவியில் பொதுவாகத் தானாகவே இயங்குபவை. நேரலைப் பக்கத்தின் அமைப்புகளில் தேடி மூன்றையும் அணையுங்கள். பிறகு விண்டோஸில் மைக்குக்கான 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்', ஆப்பிள் கருவி என்றால் 'மைக் மோட்' என்பதில் 'வாய்ஸ் ஐசொலேஷன்', இவற்றையும் பார்த்து அணையுங்கள். ஓரிடத்தில் அணைத்து இன்னோரிடத்தில் விட்டுவிட்டால் பயன் இல்லை. (இசை வகுப்புக்கு ஜூம் பயன்படுத்துபவர்களும் இதே குறையை எழுதுகிறார்கள். அதில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்ற வசதி இருக்கிறது. அமைப்புகளில் இயக்கியதோடு விடாமல், வகுப்பு தொடங்கியதும் அது செயல்படுகிறதா என்று திரையில் பாருங்கள்.)

காதில் என்ன மாட்டிக்கொண்டு வாசிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ப்ளூடூத் ஹெட்செட் என்றால் கழற்றிவிடுங்கள். அதன் மைக் திறந்தவுடன் வழக்கமாக இணைப்பு தொலைபேசி முறைக்கு மாறிவிடும். அந்த முறையில் ஒலியை அளந்தெடுக்கும் மாதிரிகள் பெரும்பாலும் விநாடிக்கு 8,000 அல்லது 16,000தான். அதாவது 4,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் போகாது. குழலின் காற்றும் மினுக்கும் அதற்கு மேலேதான் நிறைய இருக்கின்றன. இந்த ஒன்று தெரியாமல் ஒரு மாதம் முழுக்க என் உதடுதான் சரியில்லை என்று நினைத்துச் சாதகம் செய்தேன். அந்த மாதத்தை நினைத்தால் இன்னும் மனம் வலிக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். கம்பி உள்ள இயர்போன் போதும்.

அடுத்து இணைப்பு. உலாவி வழியான நேரலைகளில் ஒலி பெரும்பாலும் ஓப்பஸ் என்ற முறையில் சுருக்கப்பட்டுப் போகிறது. 2012இல் தரமாக அறிவிக்கப்பட்டது, மிக நல்ல முறை. விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவு 6 கிலோபிட்டிலிருந்து 510 வரை எதுவானாலும் இயங்கும். இணைப்பு திணறும்போது ஒலி நிற்காமல் இருக்க, செயலி அந்த அளவைக் குறைத்துக்கொண்டே போகும். மிகவும் இறங்கிவிட்டால் பேச்சு புரியும், இசை உயிரிழந்துவிடும். வைஃபையை விட்டு கம்பி இணைப்புக்கு வாருங்கள். முடிந்தால் உலாவியை விட்டு ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளுக்கு மாறுங்கள். அதில் ஒலிக்கு எத்தனை கிலோபிட் என்று நீங்களே நிர்ணயிக்கலாம். 160 வைத்தாலே நன்றாக இருக்கும், 320 வைத்தாலும் பெரிய சுமை இல்லை. சுமை முழுவதும் காணொளிதான், ஆயிரக்கணக்கான கிலோபிட்டை அது தின்கிறது. படத்தின் தெளிவை 720p-க்கு இறக்குங்கள். உங்கள் விரல்கள் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

ஓபிஎஸ் வேண்டும் என்று நான் சொல்ல முக்கியக் காரணம் வேறு. நேரலை போகும்போதே அதே வாசிப்பை உங்கள் லேப்டாப்பிலும் அதில் பதிவு செய்யலாம். மறுநாள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வீட்டுப் பதிவும் கெட்டிருந்தால் குறை உங்கள் அறையிலோ மைக்கிலோ லேப்டாப்பிலோ இருக்கிறது. வீட்டுப் பதிவு நன்றாக இருந்து நேரலை மட்டும் கெட்டிருந்தால், அறையை விட்டுக் கிளம்பிய பிறகுதான் கெடுகிறது. இரண்டு வருடமாக நீங்கள் தவிப்பது எங்கே உடைகிறது என்று தெரியாததால்தான். அது தெரிந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும். ஒலியளவு மட்டும் கவனம்: ஓங்கி வாசிக்கும் இடத்திலும் ஓபிஎஸ் திரையில் ஒலியளவைக் காட்டும் பட்டை -6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். உச்சம் தொட்டு நசுங்கியதை யாராலும் மீட்க முடியாது.

கேட்பவர்கள் இரண்டு விதமாகச் சொல்வது பற்றி. ஒருவர் நல்ல ஹெட்போனில் கேட்டிருப்பார், ஒருவர் கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டிருப்பார். மந்திர ஸ்தாயி, அதாவது கீழ் ஸ்வரங்கள், அந்த ஸ்பீக்கரில் சரியாக வராது. அதைச் சரிசெய்ய உங்களால் ஆகாது, முயலவும் வேண்டாம். 'ஒன்றுமே கேட்கவில்லை' என்றவரிடம் எதில் கேட்டீர்கள் என்று மட்டும் விசாரியுங்கள்.

அடுத்த நேரலையில் உலாவியின் அந்த மூன்று வசதிகளையும் அணைத்துவிட்டு, முதல் ஐந்து நிமிடம் சுருதியும் நீண்ட கார்வைகளும் மட்டும் வாசியுங்கள். வீட்டுப் பதிவையும் நேரலைப் பதிவையும் எனக்கு அனுப்புங்கள். எந்த நிமிடத்தில் தேய்கிறது என்று குறித்து அனுப்பினால் நானும் உட்கார்ந்து கேட்கிறேன்.

அன்புடன்.