இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால் மீட்டர் போர்டில் கை வைக்காதீர்கள்

கேள்வி: என்னிடம் 1986 மாடல் அம்பாசடர் பெட்ரோல் கார் இருக்கிறது. கொஞ்ச நாளாக பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள் இரண்டுமே உச்சியில் போய் நிற்கின்றன. மீட்டர் போர்டையே கழற்றிவிட்டு டிஜிட்டல் போடச் சொல்கிறார் மெக்கானிக். போடலாமா?
- காரைக்குடி வாசகர்

பதில்: வேண்டாம். இரண்டு மீட்டர் ஒரே நாளில் கெட்டுப்போகாது. இரண்டுக்கும் கரண்ட் கொடுக்கும் ஒரு சாமான்தான் கெட்டிருக்கும்.

போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதுதான் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். வண்டி ஓடும்போது வரும் 14 வோல்ட்டை விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியாக 10 வோல்ட்டாக்கி மீட்டருக்கு அனுப்பும். உள்ளே பாயின்ட் ஒட்டிக்கொண்டாலோ, பெட்டியின் எர்த் (வண்டி பாடியோடு உள்ள இணைப்பு) விட்டுப்போனாலோ, 14 வோல்ட் அப்படியே பாயும், இரண்டு முள்ளும் ஏறும். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். அப்புறம் அந்தப் பெட்டியின் ஸ்குரூவைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். பல வண்டிகளில் இதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால், அந்தப் பெட்டிக்குப் பதிலாக மாட்ட, எலக்ட்ரானிக்ஸ் கடையில் 7810 என்று கேளுங்கள். மூன்று கால் உள்ள சின்ன ஐ.சி., விலை சில பத்து ரூபாய்தான். முதல் காலில் கரண்ட் உள்ளே, நடுக்கால் எர்த், மூன்றாவது மீட்டருக்கு. ரேடியோ ரிப்பேர்க்காரர் யாரும் பற்றவைத்துத் தருவார்.

ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். பேட்டரியின் மைனஸ்தான் பாடியில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மாடலில் அப்படித்தான் இருக்கும். ஆனால் அறுபதுகளின் பழைய வண்டிகள் சிலவற்றில் பிளஸ்தான் எர்த். அதில் இதை மாட்டினால் ஐ.சி. அந்த இடத்திலேயே போய்விடும். நண்பர் வண்டிக்கும் இதையே செய்து கொடுக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். பேட்டரியைக் கண்ணால் பார்த்த பிறகு செய்யுங்கள்.

டிஜிட்டல் போர்டு விற்பவர் ஒரு விஷயத்தைச் சொல்ல மாட்டார். இங்கிலாந்து வழி வந்த மீட்டர்களில் டேங்க் காலியாக இருந்தால் ஃப்ளோட்டின் (டேங்க்கில் பெட்ரோல் அளவைப் பார்க்கும் மிதவை) மின்தடை சுமார் 240 ஓம், நிரம்பினால் 30 ஓம். சந்தையில் கிடைக்கும் பல மீட்டர்களுக்கு 10 ஓம் என்றால் காலி, 180 என்றால் ஃபுல். கணக்கே தலைகீழ்! டேங்க் நிரப்பிவிட்டு வந்தால் காலி என்று காட்டும். பிறகு 'ஃப்ளோட்டும் மாத்தணும் சார்' என்று இரண்டாவது பில் வரும்.

செலவு செய்தே தீருவது என்றால், போர்டில் ஆம்பியர் மீட்டர் இருக்கிறதா பாருங்கள். வண்டியின் கரண்ட் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் போகிறது. ஒயர் லூஸானால் சூடேறித் தீப்பிடிக்கும். அந்த இரண்டு தடித்த ஒயரையும் ஒரே போல்ட்டில் இறுக்கி நன்றாக இன்சுலேட் செய்துவிட்டு, வோல்ட் மீட்டர் போடச் சொல்லுங்கள். ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சரி.

'மீட்டர் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கித் தருகிறேன்' என்று புரோக்கர் வந்தால் அனுப்பிவிடுங்கள். ஆர்.சி.யில் பெட்ரோல் முள்ளுக்கு இடமே கிடையாது. பதினைந்து ஆண்டு தாண்டிய காரின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2022-ல் 600-லிருந்து 5,000 ரூபாயாக ஏற்றியவர்கள், அந்த அலுவலக வாசலில் நிற்கும் புரோக்கரை மட்டும் ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.