கையெழுத்து மட்டும் போட்ட இயக்குநர் விலகலாமா?

கேள்வி: அண்ணனின் சிங்கப்பூர் மளிகைப் பொருள் இறக்குமதி நிறுவனத்தில் (பிரைவேட் லிமிடெட்) மூன்று ஆண்டுகளாக நான் இயக்குநர். "போர்டில் ஒரு பெண் இருப்பது கட்டாயம், கையெழுத்து மட்டும் போடு" என்றார். கணக்கு எதையும் காட்டுவதில்லை. இப்போது அவர் பெரும்பாலும் சென்னையில்தான் இருக்கிறார். ஆனுவல் ரிட்டர்ன் (நிறுவனம் ஆண்டுதோறும் தர வேண்டிய விவரம்) தாக்கல் ஆகவில்லை என்று, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. உடனே விலகிவிடலாமா?

பதில்: அண்ணன் சொன்னது இந்தியாவில் நடைமுறை. அங்கே 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களிலும் பெரிய பொது நிறுவனங்களிலும் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும். சிங்கப்பூரில் அப்படி ஒதுக்கீடு இல்லை. 2022 முதல் பங்குச்சந்தை நிறுவனங்கள் போர்டு பன்முகத்தன்மைக்குக் கொள்கை வகுத்து, இலக்கையும் காலக்கெடுவையும் ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும். பிரைவேட் லிமிடெட்டுக்கு அதுகூடப் பொருந்தாது. உங்கள் பெயரைப் போட்டதற்கு உண்மைக் காரணம் உங்கள் சிங்கப்பூர் முகவரியாக இருக்கலாம். இங்கே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது எல்லா நிறுவனத்துக்கும் தேவை.

சிக்கலும் அங்கேதான். இங்கே வசிக்கும் ஒரே இயக்குநர் நீங்கள் என்றால், சிங்கப்பூர் கம்பெனிச் சட்டத்தின் 145ஆம் பிரிவின்படி உங்கள் விலகல் செல்லாது. அக்ராவின் பிஸ்ஃபைல் இணையதளத்தில் 5.50 சிங்கப்பூர் வெள்ளிக்கு நிறுவன விவரத்தை வாங்கிப் பாருங்கள். அதில் இயக்குநர்கள், செயலாளர், கடைசித் தாக்கல் தேதி எல்லாம் இருக்கும்.

அடுத்து, கணக்குப் புத்தகங்களைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். 199ஆம் பிரிவின்படி இயக்குநர் எப்போது கேட்டாலும் காட்டியாக வேண்டும். வாய்வார்த்தையாகக் கேட்டதற்குச் சாட்சி இருக்காது. குடும்பத்தில் இதற்குத்தான் தயங்குவார்கள், நீங்கள் தயங்காதீர்கள். "எனக்கு எதுவும் தெரியாது" என்பது 157ஆம் பிரிவின் முன் எடுபடாது. நியாயமான கவனம் செலுத்துவதும் இயக்குநரின் கடமை.

ஆனுவல் ரிட்டர்னை நிதியாண்டு முடிந்த ஏழு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மூன்று மாதம் வரை தாமதமானால் 300 வெள்ளி, அதற்கு மேல் 600 வெள்ளி அபராதம். முதலில் இதை முடிக்கச் சொல்லிச் செயலாளருக்கு எழுதுங்கள். விலகினாலும் பதவியில் இருந்த காலத்துத் தவறு உங்களை விடாது.

பிறகு, உள்ளூரில் வசிக்கும் வேறொருவர் இயக்குநரானதும், தேதியிட்ட விலகல் கடிதத்தை நிறுவனத்தின் பதிவு முகவரிக்கு அனுப்புங்கள். நிறுவனம் 14 நாளுக்குள் அக்ராவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காது என்று நம்பக் காரணம் இருந்தால், நீங்களே தெரிவிக்கலாம்.

வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்திருந்தால், பதவி விலகல் அதை ரத்து செய்யாது. உங்களை விடுவித்ததாக வங்கியிடம் எழுத்தில் வாங்க வேண்டும்.