உகாலி கட்டி தட்டுகிறது, சாகா கசக்கிறது, தேங்காய்ப்பால் திரிகிறது: கென்ய வீட்டுச் சமையலில் எங்கே சறுக்குகிறது?

உங்கள் மாமியார் மேற்குக் கென்யாவின் காகமேகா பக்கத்து லூயா இனத்தவர், மாமனார் கடலோர மொம்பாசாக்காரர், குடியிருப்பு நைரோபியில். இரண்டு வீட்டுச் சாப்பாட்டையும் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட ஆசை. ஆனால் உகாலி என்கிற மக்காச்சோளக் களி கட்டி தட்டுகிறது, சாகா கீரை கசக்கிறது, ம்பாசி என்கிற துவரைக் குழம்பில் தேங்காய்ப்பால் திரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. அதற்கு முன் பொதுவாக ஒன்று. ருசி குறைகிறது என்று பட்டால் நம் கை தானாக மிளகாய்த்தூள் டப்பாவைத் தேடும். கென்யாவின் உள்நாட்டுச் சமையலுக்கு அது உதவாது. அங்கே ருசி மாவிலும் கீரையிலும், தீயின் அளவிலும், அடுப்பில் இருக்கும் நேரத்திலும்தான் இருக்கிறது. மல்லித்தூள் போட்ட கீரையும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் மாமியாருக்கு அது வேறு ஏதோ கறி.

இன்னொன்று, நைரோபியின் உயரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் மேலே இருப்பதால் தண்ணீர் அங்கே ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மொம்பாசாவில் ஒரு மணி நேரத்தில் வெந்த பயறு நைரோபியில் ஒன்றரை மணி நேரம் கேட்பது இதனால்தான். காய்ந்த சோளமும் பீன்ஸும் சேர்ந்த கிதேரியைத் திறந்த பாத்திரத்தில் வைத்தால் முந்தின இரவு ஊறவைத்திருந்தாலும் இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். பயறு வகைகளுக்குப் பிரஷர் குக்கரைத் தயங்காமல் எடுங்கள். தாழ்வான ஊரில் பழகிய விசில் கணக்கோடு இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உகாலி. கேழ்வரகுக் களி கிண்டிப் பழகிய கைக்கு இது பாதி தெரிந்த வேலை. வெள்ளை மக்காச்சோள மாவுதான் வேண்டும். மஞ்சள் சோள மாவில் ருசியும் பதமும் மாறிவிடும். நான்கு பேருக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 550 முதல் 600 கிராம் மாவு. உப்பு கிடையாது. உப்பெல்லாம் தொட்டுக்கொள்வதில்தான்.

கட்டி ஏன் வருகிறது? கொதிநீரில் மாவு மொத்தமாக விழுந்தால் வெளிப்பக்கம் உடனே வெந்து பசையாகி, உள்ளே இருக்கும் உலர்ந்த மாவைப் பூட்டிவிடும். அப்புறம் எவ்வளவு கிளறினாலும் அந்த உருண்டை உடையாது. அதனால் முதலில் 50 கிராம் மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கும் நீரில் ஊற்றிக் கஞ்சியாக்குங்கள். கஞ்சி நன்றாகக் குமிழ்விட்டுக் கொதித்த பிறகு மிச்ச மாவை மூன்று தவணையாகத் தூவுங்கள். கடைசித் தவணை விழுந்ததும் உடனே கிளறாமல், நடுவில் கஞ்சி பொத்துக்கொண்டு மேலே வரும்வரை ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு தீயைத் தணித்து, ம்விகோ என்கிற தட்டையான மரத் துடுப்பால் மாவைப் பாத்திரத்தின் சுவரோடு அழுத்தி, மடித்து, திருப்பி, மறுபடி அழுத்த வேண்டும். வட்டமாகச் சுழற்றினால் கட்டி ஓடி ஒளிந்துகொள்ளும். சுவரோடு நசுக்கினால்தான் உடையும். சுஃபூரியா என்கிற அந்த ஊர்ப் பாத்திரத்துக்குக் கைப்பிடி கிடையாது, கிளறக் கிளறப் பாத்திரம் கூடவே சுற்றும். தடித்த துணியால் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடம் இப்படிச் செய்தால் மாவு ஓரம் விட்டு ஒரே உருண்டையாக வரும். பலர் இங்கேயே இறக்கிவிடுகிறார்கள். பச்சை மாவு வாடை அடிப்பது அதனால்தான். மூடி போட்டுச் சிறு தீயில் இன்னும் நான்கு, ஐந்து நிமிடம் விடுங்கள். சுட்ட சோளத்தின் வாசனை வரும். அதுதான் அடையாளம். பாத்திரத்தைத் தட்டில் கவிழ்த்தால் அடியில் மெல்லிய பொருக்கு தங்கும். அதைப் பிள்ளைகளுக்குச் சுரண்டிக் கொடுக்கலாம். மிஞ்சிய உகாலியை மறுநாள் காலையில் பால் சேர்த்த தேநீரோடு சாப்பிடுவது கென்யா முழுக்க உள்ள பழக்கம்.

மாவு வாங்கும்போது ஒரு கவனம். கடையில் விற்கும் சலித்த மாவு பல மாதம் தாங்கும். போஷோ மில் என்கிற மாவு மில்லில் முழுச் சோளத்தை அரைத்த மாவில் முளையும் உமியும் சேர்ந்திருப்பதால் ருசி அதிகம், தண்ணீரும் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், வேகவும் நேரமாகும். ஆனால் முளையில் உள்ள எண்ணெய் சில வாரங்களில் சிக்கு வாடை எடுத்துவிடும். கொஞ்சமாக அரைத்து வாங்குங்கள். ஈரத்தில் பூஞ்சை பிடித்த சோளத்தை எந்தக் காரணத்துக்காகவும் அரைக்கக் கூடாது. 2004-இல் மக்குவேனி, கிட்டுயி உள்ளிட்ட பகுதிகளில் அஃப்ளாடாக்சின் என்கிற பூஞ்சை நஞ்சு கலந்த சோளத்தால் 125 பேர் இறந்தார்கள். அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

மக்காச்சோளம் இந்த மண்ணில் பிறந்ததில்லை, போர்த்துக்கீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அது நாடு முழுவதற்கும் முதன்மை உணவானது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் கேழ்வரகும், மக்காச்சோளமல்லாத நம் ஊர் வெள்ளைச் சோளமும், கம்பும். மாமியார் தன் அம்மா வீட்டுக் களி என்று கறுப்பாக ஒன்றைச் சொன்னால் அது பெரும்பாலும் கேழ்வரகும் மரவள்ளி மாவும் கலந்ததாக இருக்கும். கேழ்வரகு இரண்டு பங்கு, மரவள்ளி ஒரு பங்கு வைத்துத் தொடங்குங்கள். மரவள்ளி கூடினால் களி இழுவையாகிவிடும்.

கீரைக்கு வருவோம். முட்டைக்கோஸ் இனத்து இலைக்கீரையான சுகுமா விக்கி சுலபம், ஆனால் கெடுப்பதும் சுலபம். கழுவிய பிறகு நறுக்க வேண்டும், நறுக்கிய பிறகு கழுவக் கூடாது. நறுக்கிக் கழுவினால் இலையில் தங்கும் தண்ணீர் வதங்க விடாமல் வேகவைத்துவிடும். இலைகளை அடுக்கிச் சுருட்டி, நூல் நூலாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் அரியுங்கள். காய்கறி விற்கும் மாமா ம்போகாவிடம் கேட்டால் அவரே அரிந்து தருவார்; ஆனால் முன்பே கழுவியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரைக் கிலோ கீரைக்கு எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, வெங்காயம் ஒன்று, தக்காளி இரண்டு. தக்காளி குழைந்து எண்ணெய் பிரிந்த பிறகு தீயைக் கூட்டிக் கீரையைப் போட்டு, மூடாமல், நான்கைந்து நிமிடம் புரட்டினால் போதும். மூடினால் பச்சை நிறம் பழுத்துப்போய், முட்டைக்கோஸ் அவித்த வாடை வரும். கீரை சுருங்கின பிறகு உப்புப் போடுங்கள். பல வீடுகளில் ரோய்கோ மசாலாப் பொடி போடுவார்கள்; அதிலேயே உப்பு இருப்பதால் தனி உப்பைப் பாதியாக்குங்கள்.

சாகா வேறு கதை. இது நம் ஊரில் வேலியோரம் முளைக்கும் நல்வேளைக் கீரையேதான். கசப்பு அதன் குணம். முழுவதும் போக்கக் கூடாது, மழுக்க வேண்டும். தண்டை நீக்கி இலையையும் இளங்கொழுந்தையும் எடுத்து, நிறையத் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் வேகவைத்து வடித்துவிடுங்கள். கசப்பில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு இறங்கும். பிறகு அரைக் கிலோ கீரைக்குக் கால் லிட்டர் பால் ஊற்றி, சிறு தீயில் பத்து நிமிடம் கிளறி, ஆறவைத்து மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம் பாலோ ஏடோ சேர்த்துச் சூடாக்குங்கள். இரண்டாம் நாள்தான் சாகா ருசிக்கும். முன்பெல்லாம் மண்பானையில் வைத்து நாள்தோறும் பால் ஊற்றிச் சூடாக்கிக்கொண்டே இருப்பார்கள். அன்றே செய்து அன்றே பரிமாறுவதால்தான் உங்களுக்குக் கசக்கிறது.

இதில் ஒரு பிழை அடிக்கடி நடக்கும். பால் சேர்க்கும் கீரையில் தக்காளியையும் போட்டால் புளிப்பில் பால் திரிந்து, கீரை முழுக்கத் திப்பி திப்பியாகிவிடும். பால் என்றால் வெங்காயம் மட்டும்.

மனாகு என்கிற கீரை மணத்தக்காளியின் உறவு. இலையை ஆயும்போது பச்சைக் காய்களைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள், அவற்றில் நச்சுப்பொருள் உண்டு. பத்து நிமிடம் வேகவைத்தால் போதும். குண்டே என்பது தட்டைப்பயற்றின் இலை, முரடு. ம்ரேண்டா என்கிற சணல் கீரை வழவழப்பு. அதனால் இந்த இரண்டையும் சேர்த்துச் சமைப்பது லூயா வீடுகளின் வழக்கம், ஒன்றின் குறையை மற்றொன்று சரி செய்யும். இதில் முஷெரேகா சேர்ப்பார்கள். பீன்ஸின் காய்ந்த தோலை எரித்த சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்த காரநீர் அது. முரட்டு இலையைச் சீக்கிரம் மெத்தென்று ஆக்கும், பச்சை நிறத்தையும் காக்கும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா. அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும்.

இந்தக் கீரைகளை ஏழை வீட்டுச் சாப்பாடு என்று நகரத்தில் ஒதுக்கி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அவற்றைத் தேடி, பெயரும் பக்குவமும் பதிவு செய்து, மறுபடி சந்தைக்கும் தட்டுக்கும் கொண்டுவந்த கென்யாவின் முயற்சியை யுனெஸ்கோ 2021-இல் நல்ல பாதுகாப்பு நடைமுறைகளின் பட்டியலில் சேர்த்தது. இன்று நைரோபியின் பெரிய கடைகளிலும் சாகா கட்டு கிடைக்கிறது. அப்படி எளிதாகக் கிடைப்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்காமல் விடுவது நியாயமில்லை.

மாமனார் பக்கத்து ம்பாசியில் மசாலாவுக்கு இடமுண்டு, ஆனால் ஆட்சி தேங்காய்ப்பாலுடையது. முழுத் துவரை 250 கிராம், இரவு முழுக்க ஊறட்டும். குக்கரில் நசுக்கினால் மசியும் பதத்துக்கு வேகவையுங்கள். வேகும் வரை தக்காளியோ புளியோ கூடாது. புளிப்பு பட்டால் தோல் விறைத்துக்கொண்டு வேக மறுக்கும். ஒரு பெரிய தேங்காயைத் துருவி, 200 மில்லி வெதுவெதுப்பான நீரில் பிழிந்தால் கெட்டிப்பால். அதே துருவலை 400 மில்லி நீரில் மறுபடி பிழிந்தால் இரண்டாம் பால். வெந்த துவரை, பொடியாக நறுக்கிய வெங்காயம், கீறிய பச்சை மிளகாய் இரண்டு, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, உப்பு, இரண்டாம் பால் எல்லாம் சேர்த்து, பாதியாக வற்றும்வரை கொதிக்க விடுங்கள். இதற்குக் கொதி தேவை.

கெட்டிப்பாலுக்குக் கொதி ஆகாது. தீயை நன்றாகத் தணித்து ஊற்றி, கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே, ஓரத்தில் சின்னக் குமிழ் தெரியும்வரை நான்கைந்து நிமிடம் வைத்து இறக்குங்கள். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு தனியாகவும் தண்ணீர் தனியாகவும் பிரிந்துவிடும். திரிகிறது என்று நீங்கள் சொல்வது இதைத்தான். எலுமிச்சை பிழிவதாக இருந்தால் இறக்கிய பிறகு.

கூடவே மஹாம்ரி என்கிற பொரித்த இனிப்பு ரொட்டி வேண்டும். மைதா 500 கிராம், சர்க்கரை 100, ஈஸ்ட் 7 கிராம், இடித்த ஏலக்காய் ஒரு தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தேங்காய்ப்பால் 260 மில்லி அளவு. பத்துப் பதினைந்து நிமிடம் அடித்துப் பிசைந்து, இரட்டிப்பாகும்வரை ஒரு மணி நேரம் விடுங்கள். ஆறு உருண்டை. ஒவ்வொன்றையும் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து நான்காக வெட்டி, துணி மூடி 15 நிமிடம். எண்ணெய் 180 டிகிரி. போட்டவுடன் மேலே எண்ணெயை மொண்டு ஊற்றினால் தலையணைபோல் உப்பும். உப்பவில்லை என்றால் மூன்றில் ஒன்று காரணம்: கனம் சமமில்லை, மேல்தோல் காய்ந்துவிட்டது, எண்ணெய் காயவில்லை. சர்க்கரையைக் கூட்டினால் உள்ளே வேகும் முன்பே வெளியே கறுத்துவிடும்.

சப்பாத்தி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1896-இல் தொடங்கிய உகாண்டா ரயில்பாதை வேலைக்கு வந்த இந்தியர்களோடும் வணிகர்களோடும் வேரூன்றிய பண்டம் இது. இன்று கென்ய வீடுகளில் கிறிஸ்துமஸ் அன்று இல்லாமல் இராது. மைதாவில், எண்ணெய் தடவிச் சுருட்டி, நத்தை ஓடுபோல் சுற்றித் தேய்ப்பது. உங்களுக்குப் பரோட்டா வந்தால் இது வந்துவிடும். சுட்டதும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் துணியால் மூடுங்கள், மெத்தென்று இருக்கும்.

அளவு கேட்டால் மாமியார் பார்த்துப் போடு என்றுதான் சொல்வார். அவர் உகாலி கிண்டும் நாளில் மாவுப் பாக்கெட்டை முன்னும் பின்னும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், தண்ணீரையும் அளந்து கொடுங்கள். எந்தக் கீரையோடு எதைக் கலந்தார், பாலில் எத்தனை நாள் வைத்தார், முஷெரேகா எவ்வளவு விட்டார் என்பதையும் எழுதிவையுங்கள். இவை வீட்டுக்கு வீடு மாறும். அவர் வீட்டு அளவை அவரிடம் மட்டும்தான் வாங்க முடியும்.