பாக்ஸ் என்பது எழுத்து அல்ல, தங்கச்சி

தங்கச்சி, லியோனுக்குப் படிக்க வந்து 8 மாதம் என்கிறாய். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நம் பெடியன் ஒருவனோடு சேர்ந்து வாழப்போகிறாய். மண்டபச் செலவுக்குக் காசில்லை, அதனால் கல்யாணத்தைத் தள்ளிவைத்து இப்போதைக்கு பாக்ஸ் (PACS) என்கிற, கல்யாணமில்லாமல் சேர்ந்து வாழப் பதியும் ஒப்பந்தம் செய்யலாமா, வரி குறையுமா, வதிவிட கார்ட் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாய்.

வரியை விடு. இரண்டு பேரும் ஒரே படிவம் நிரப்பலாம், கல்யாணம் கட்டினவர்களுக்கும் அதேதான். இருவர் சம்பளமும் ஏறக்குறைய ஒன்றென்றால் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

எனக்குப் பயம் வேறு. நம் சனம் பாக்ஸை எழுத்து, அதாவது கல்யாணப் பதிவு, என்று நினைக்கிறது. ஊரில் எழுத்து முடிந்துவிட்டால் சட்டப்படி புருஷன் பெண்சாதி, தாலி ஆறுதலாகக் கட்டலாம். இங்கே எழுத்து என்றால் மேரியில், அதாவது நகரசபையில், நடக்கும் கல்யாணம். அதற்குப் பத்து நாள் விளம்பரம் ஒட்ட வேண்டும், சாட்சிகள் வர வேண்டும். ஆனால் மேரியில் அதற்கு ஒரு சதம்கூட வாங்குவதில்லை. காசு தின்பது மண்டபமும் வீடியோக்காரரும்தான். அந்தச் செலவுக்குப் பயந்து எழுத்தையே தள்ளிப்போடுவது என்ன கணக்கு?

நான் 1996இல் பாரிசுக்கு வந்தேன். கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன். 1999 நவம்பரில் பாக்ஸ் சட்டம் வந்தது. என்னோடு நின்ற பிரெஞ்சுக்காரி ஒருத்தி அடுத்த வருடம் பாக்ஸ் செய்தாள், துணைக்கு என்னையும் கூட்டிப் போனாள். அப்போது அதற்கு மேரியில் இடமில்லை. 2017 நவம்பரில்தான் அங்கே மாறியது. நாங்கள் போனது நீதிமன்றத்துக்கு. வாடகைச் சண்டைக்கு வந்தவர்களுக்கு நடுவில், ஆடும் நாற்காலியில் ஒரு மணி நேரம் இருந்தோம். உள்ளே கூப்பிட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள், ஒரு முத்திரை குத்தினார்கள். பத்து நிமிடம். பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேரும் திரும்பவும் தொட்டிக்கு முன்னால். அவள் சிரித்துக்கொண்டே, “பாக்ஸை முறிக்க இன்னும் சுகம்” என்றாள். உண்மைதான். ஒருவருக்கு மட்டும் வேண்டாமென்றாலும் போதும். வழக்கில்லை, நீதவான் இல்லை, அறிவித்தல் கதவைத் தட்டும்.

பிரிவதையாவது தாங்கலாம், சாவைத்தான் சொல்ல வருகிறேன். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா 11 வருடம் பாக்ஸில் இருந்தார். பிள்ளை இல்லை, வீடு இரண்டு பேர் பெயரிலும். மனுஷன் திடீரென்று போய்விட்டார். உயில் இல்லை. பாக்ஸ் துணை சட்டப்படி வாரிசே இல்லை, மனுஷனின் பாதி அவரது தாய்க்கும் தம்பிக்கும் போனது. ஒரு வருடம் அந்த வீட்டில் இருக்கலாம், அவ்வளவுதான். கல்யாணம் கட்டியிருந்தால் புருஷனின் பென்சனில் ஒரு பங்கு பிறகு கிடைத்திருக்கும், பாக்ஸுக்கு அதுவும் இல்லை. செத்தவீட்டில் அவருடைய குளிர் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, “நாங்கள் பதிஞ்சனாங்கள்தானே, பதிஞ்சனாங்கள்தானே” என்று அந்த அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தேத்தண்ணி குடித்தார்கள்.

அதனால், பாக்ஸ்தான் என்று பிடிவாதமாக இருந்தால் அதே கிழமை இருவரும் உயில் எழுதுங்கள். முழுவதும் சொந்தக் கையால் எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைத்தால் செல்லும். கணினியில் அடித்தால் செல்லாது. நொத்தாரிசிடம் கொடுத்து வைப்பது நல்லது. உயில் இருந்தால் 2007இல் இருந்து பாக்ஸ் துணைக்கு வாரிசு வரி கிடையாது. பிள்ளை பிறந்தால் தகப்பன் மேரிக்குப் போய், என் பிள்ளை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டின புருஷன் என்றால் சட்டம் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

கார்ட்? பாக்ஸ் செய்தவுடன் தருவார்கள் என்று பாரிசில் நம் கடைத்தெருவான லாச்சப்பலில் யாராவது சொன்னால் காசை வெளியே எடுக்காதே. சேர்ந்து வாழ்வதற்குச் சான்று கேட்பார்கள். வீட்டு ஒப்பந்தத்திலும் கரண்ட் பில்லிலும் இருவர் பெயரையும் இன்றைக்கே போடு. நாலு வருடக் கல்யாணத்துக்குப் பிறகு குடியுரிமைக்கு அறிவிப்புக் கொடுக்கிற வழியும் பாக்ஸுக்கு இல்லை.

படிவம் நிரப்பிக் கொடுக்கிறோம் என்று கடை விரித்திருக்கும் நம்மவர்களைப் பற்றி எழுதினால் இரவாகிவிடும். முதல் குளிர்காலம் முழுக்க வந்த கடிதங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாசித்துச் சொல்ல ஆள் தேடித் திரிந்தேன். ஒருத்தர் ஒரு கடிதத்துக்கு 50 பிராங் வாங்கினார். பிறகு பார்த்தால் அது கடைக்காரன் அனுப்பிய மலிவு விற்பனை விளம்பரம்! அன்றைக்கு இரவே அகராதி வாங்கினேன். இன்றைக்கு என் தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் வாசித்துச் சொல்கிறேன், காசு வாங்காமல்.

எங்கள் எழுத்து 2001இல் மேரியில் நடந்தது. எட்டுப் பேர். கூறைச் சேலைக்கு மேல் சந்தையில் வாங்கிய கறுப்பு ஜாக்கெட். வெளியே மழை, படம் எடுக்கக்கூட நிற்கவில்லை. தாலி இரண்டு வருடம் கழித்துத்தான்.

மாமியாருக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருந்தாய். அது உன் பெடியனின் வேலை.